பெரியப்பாவுக்கு அடித்த மணி

அத்தியாயம் பதினொன்று

சாகாத மனிதருக்குத் துக்க மணி அடித்த மறுநாள் காலையில், எட்மண்ட் தன் வீட்டு வாசலில் போட்டிருந்த கூடாரத்தின் நிழலிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரொட்டியைக் கோப்பியில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

கூடாரம் அவருக்காகத்தான் வந்தது.

நேற்று மாலை ஆறு மணிக்கு, புக்கிட் செராயா தோட்டத்து அந்தோனியார் கோவில் மணி வழக்கம்போல் மும்மூன்றாக அடிக்கவில்லை. ஒன்று அடித்தது. நெடுநேரம் நின்றது. பிறகு இன்னொன்று அடித்தது. அது துக்க மணி. அன்று மதியம்தான் சன்னாசியை எடுத்திருந்தார்கள். ஒரே நாளில் இன்னொன்றா என்று லயன் வீட்டு ஜனம் முழுக்க வெளியே வந்து நின்றது. சிரம்பான் ஆஸ்பத்திரியிலிருந்து அந்த வாரம்தான் வீடு திரும்பியிருந்த எட்மண்டின் நினைவு எல்லாருக்கும் ஒரே சமயத்தில் வந்தது. சன்னாசி வீட்டில் பிரித்த கூடாரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த அர்ச்சுனன், லாரியை நேராக இங்கே திருப்பிவிட்டார். உள்ளே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த எட்மண்ட், வாசலில் கம்பி ஊன்றும் சத்தம் கேட்டுத்தான் எழுந்து வந்தார்.

"இன்னும் பிரிக்கலையா அர்ச்சுனா?" என்றார் இப்போது.

"எதுக்குண்ணே பிரிச்சுப் பிரிச்சு மாட்டிக்கிட்டு. இருக்கட்டும் லா. எப்படியும் வேணும்தானே."

"நீ மொதல்ல போ. இதையே ஒனக்குப் போட்டு வாடகையும் நானே கட்டிடறேன்."

அர்ச்சுனன் சிரித்தார். அடுத்த வீட்டிலிருந்து கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த மிஷெல் சிரிக்கவில்லை.

"பசியாறிட்டியாம்மா?" என்றார் எட்மண்ட்.

"ஆச்சு பெரியப்பா." பொய். "நேத்து நடந்ததுக்கு..."

"நீ எதுக்கு மன்னிப்புக் கேக்கற? எனக்கு எத்தன பேரு அழுவாங்கன்னு கண்ணால பாத்துட்டேன். இந்தக் கொடுப்பின யாருக்குக் கெடைக்கும்? ஜோக்கிம் அழுவவே இல்ல. அத மட்டும் மனசுல வச்சிருக்கேன்."

ஜோக்கிம் கோவில் தலைவர். நேற்று அழாததற்கு அவருக்கு நேரம் இல்லாததும் காரணம். மணிப் பெட்டியின் சுவிட்சை அணைக்க ஓடியவர் அவர்தான். அணைத்துவிட்டு வந்து, கூடாரத்தின் கீழே எல்லார் முன்னாலும் மிஷெலிடம் சொன்னார்: "நாளைக்கு ஒங்கப்பாவோட மொதலாண்டு பூச. அதுக்குள்ள இது ஏன் அடிச்சுச்சுன்னு எனக்குத் தெரியணும். சரி பண்ணிட்டேன்னு சொன்னா பத்தாது. காரணம் வேணும். இல்லாட்டி கழட்டிட்டு, டவுன்ல விக்கிற ஸ்பீக்கர் மணிய மாட்டிடுவோம். செத்த வீட்டு விசயத்துல வெளையாட முடியாது."

அதில் நியாயம் இருந்தது. அதுதான் மிஷெலை இரவு முழுக்கப் புரள வைத்தது.

மணி பழையது. தோட்ட ஆபீசில், விடியற்காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்கு அடித்த மணி. ஆபீஸ் மூடியபோது கோவிலுக்கு வந்தது. ஆளைக் கூப்பிட்ட மணி என்பதால் இன்றும் அது எல்லார் சாவுக்கும் அடிக்கும். வேதக்காரர், இந்து என்று பார்ப்பதில்லை. கயிறு இழுக்க ஆள் இல்லாமல் போனபோது, மிஷெலின் அப்பா நெல்சன் ஒரு பெட்டி செய்தார். செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பு பார்த்தவர். ஒரு சின்ன மோட்டார், ஒரு சுத்தியல், உள்ளே கைப்பிடி அளவு கணினிப் பலகை. காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு என்று மூவேளையும் அதுவே அடிக்கும். முகப்பில் இரண்டு பொத்தான்கள். சிவப்பை அமுக்கினால் துக்க மணி. அதன் பிறகு பிணம் வீட்டில் இருக்கும்வரை மூவேளை மணி அடிக்காது. தோட்டத்து வழக்கம் அது. ஆளை எடுத்ததும் வெள்ளைப் பொத்தானை அமுக்கினால் பழையபடி அடிக்கத் தொடங்கும்.

நெல்சன் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. போன மாதம் இடி இறங்கி பலகை கருகியது. சிரம்பானில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்யும் மிஷெல், தெமியாங்கில் தான் தங்கியிருக்கும் அறையில் உட்கார்ந்து, மணி அடிக்க அப்பா எழுதியிருந்த கணினி நிரலைப் புதுப் பலகைக்கு ஏற்றபடி மாற்றி எழுதினாள். எழுதும்போதே சுத்தமும் செய்தாள். இரண்டு தடவை சொல்லியிருந்ததை ஒன்றாக்கினாள். ஒன்றும் செய்யாத வரிகளை எடுத்தாள். நிரலின் பகுதிகளுக்கு அப்பா பெயர் எதுவும் வைக்காமல், சாமான் அலமாரிபோல ஒன்று முதல் ஏழு வரை எண் போட்டு வைத்திருந்தார். அதற்கெல்லாம் பெயர் வைத்தாள். போன ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து பொருத்தினாள். அப்பாவுக்குப் பிடிக்கும் என்று நினைத்தாள்.

கெட்டது அப்பாவின் கையால் அல்ல. தன் கையால். அந்தப் பெட்டி சுவரிலிருந்து இறங்கினால், இறக்கியவளும் தானே.

*

பீடத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் பெட்டியைத் திறந்து, மோட்டாருக்குப் போகும் கம்பியைக் கழற்றினாள். இனி மணி அடிக்காது. அடிக்க வேண்டிய ஒவ்வொரு தடவையும் பெட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும். சுவிட்சைப் போட்டாள். உள்கடிகாரத்தை மாலை ஆறுக்கு முந்திய நிமிடத்துக்குத் திருப்பிவைத்துக் காத்திருந்தாள்.

டக் டக் டக். சின்ன இடைவெளி. டக் டக் டக்.

பிசகு இல்லை. காலை ஆறுக்குத் திருப்பினாள். பிசகு இல்லை. மதியம், மறுபடி மாலை, மறுபடி காலை. மின்சார இணைப்பை மாற்றிப் பார்த்தாள். பலகையை வெயிலில் வைத்துச் சூடாக்கிப் பார்த்தாள். எத்தனை தடவை கேட்டாலும் பெட்டி நல்ல பிள்ளைபோல ஒரே பதிலைச் சொன்னது.

அம்மா அந்தோனியம்மாள் வாசலில் வந்து நின்றாள். கையில் சாப்பாட்டு டப்பா.

"சரியாத்தானே அடிக்குது."

"ஆமாம்மா."

"அப்புறம் என்னா? மூடிட்டு வா. ஒங்கப்பா பூசைக்குப் பூ கட்டணும்."

"ஏன் தப்பா அடிச்சுச்சுன்னு தெரியலயே."

"பழையத அப்படியே போட்டுடேன்."

"அது கருகிப்போன போர்டுக்கு எழுதுனது. இதுல ஓடாதும்மா."

அம்மா டப்பாவை மேசைமேல் வைத்தாள். கொஞ்சம் ஓங்கியே வைத்தாள். "ஓடுறதுக்கு மட்டும் மாத்தியிருக்கலாம்ல? அவரு எழுதுனதுல எதுக்குக் கைய வச்ச?"

இந்தக் கேள்வி நேற்றிரவே வந்திருக்க வேண்டியது.

"எனக்குப் புரியலம்மா. அஞ்சு, ஆறு, ஏழுன்னு எழுதி வச்சிருக்காரு. நாளைக்கு இத யாரு பாத்துக்கறது? நான்தானே? புரியாம எப்படிப் பாத்துக்கறது?"

அம்மாவின் கைப்பேசி ஒலித்தது. எண்ணைப் பார்த்தவள், வெளியே போய்ப் பேசினாள். அம்மா யாரிடமும் வெளியே போய்ப் பேசுகிறவள் அல்ல.

கொஞ்ச நேரத்தில் ஜோக்கிம் எட்டிப் பார்த்தார். "எப்படிப் போகுது?"

"இப்ப சரியா அடிக்குது அங்கிள். காரணம் இன்னும் கெடைக்கல."

"நேத்து நான் சுவிட்ச அமத்துனேன்ல, அதுலயே சரியாயிருக்கும். எங்க வீட்டு டிவியும் அப்படித்தான். ஒரு தடவ அமத்திப் போட்டா எல்லாம் மறந்துட்டு ஒழுங்கா வேல செய்யும்."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மிஷெல் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள்.

அமத்திப் போட்டால் மறந்துவிடும். அப்படியானால், கெட்டுப்போனது பலகையும் இல்லை, மோட்டாரும் இல்லை. பெட்டி நினைவில் வைத்திருந்த ஏதோ ஒன்று. அது நினைவில் வைத்திருப்பது மொத்தமே இரண்டு சங்கதி. ஒன்று, இப்போது துக்கமா இல்லையா. இன்னொன்று, ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும். சாதாரண மணிக்குக் கொஞ்சம். துக்க மணிக்கு நிறைய. நேற்று மாலை பெட்டி, துக்கம் முடிந்துவிட்டது என்பதைச் சரியாகத் தெரிந்துகொண்டுதான் அடித்தது. ஆனால் துக்கத்தின் வேகத்தில் அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை பொருத்தியதிலிருந்து வியாழன்வரை எல்லா வேளையும் சரியாக அடித்த மணி. நடுவே நடந்தது என்ன? சன்னாசி செத்தார். வேறு எதுவும் நடக்கவில்லை.

தன் அறையிலும் சரி, இங்கேயும் சரி, அவள் எல்லாவற்றையும் சோதித்திருந்தாள். சிவப்புப் பொத்தானை அமுக்கி, நாள் கழித்து, வெள்ளையை அமுக்கி, அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை. சிவப்பைத் தனியாகக்கூட அவள் ஒரு முறையும் அமுக்கியதில்லை. அதன் கம்பியைச் சரிபார்த்து, மற்றதைக் கணினியில் எழுதியே முடித்துக்கொண்டாள்.

இப்போதும் விரல் அதன்மேல் போய் நின்றது. அமுக்கவில்லை.

மோட்டாரிலிருந்து கம்பி கழற்றியாகிவிட்டது. வெளியே ஒரு சத்தமும் கேட்காது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"தள்ளு," என்றாள் அம்மா பின்னாலிருந்து. எப்போது திரும்பி வந்தாள் என்று தெரியவில்லை. "இத அமுக்கணுமா?"

"வேணாம்மா, நானே..."

"போன வருசம் நாந்தான் அமுக்குனேன். ஜோக்கிம் வரேன்னாரு. நான் விடல. அவரு செஞ்ச பட்டன், மொதல்ல அவருக்கே அடிச்சுச்சு. அதுக்கப்புறம் இந்த ரூமுக்கு நான் வந்ததில்ல." அந்தோனியம்மாள் கட்டை விரலை வைத்து அழுத்தினாள். "எத்தன தடவ அமுக்கணும்னு சொல்லு. பூசைக்குள்ள முடியணும்."

டக்.

நெடுநேரம் கழிந்தது.

டக்.

மிஷெல் கடிகாரத்தை மதியத்துக்குத் திருப்பினாள். பெட்டி சத்தம் காட்டவில்லை. துக்க நேரம், சரி. மாலைக்குத் திருப்பினாள். சத்தம் இல்லை, சரி. "இப்ப வெள்ள பட்டன்மா." அம்மா அமுக்கினாள். மறுநாள் காலைக்குத் திருப்பினாள்.

டக்.

காத்திருந்தார்கள். கூரையில் புறா நடந்தது.

டக்.

"அம்மா," என்றாள் மிஷெல், "தப்பா அடிக்குது."

"அதுக்கு ஏன் பல்லக் காட்டுற?"

"தப்பு வந்துருச்சும்மா. வந்துட்டாப் புடிச்சிடலாம்."

*

அப்பாவின் பழைய நிரலையும் தன்னுடையதையும் மடிக்கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். இப்போது தேட வேண்டியது ஒன்றே ஒன்று. காத்திருக்கும் நேரத்தை அப்பா எங்கே மறுபடி குறைக்கிறார்? சிவப்பை அமுக்கும்போது கூட்டுகிறார். குறைப்பது எந்த இடம்?

மூவேளை மணி அடிக்கும் பகுதியில் இல்லை. வெள்ளைப் பொத்தானில் இல்லை. கடைசியில் ஓர் இடத்தில் இருந்தது. ஐந்தாம் பகுதியில்.

மிஷெலுக்கு முகம் சூடேறியது. ஐந்தாம் பகுதி அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. தெமியாங்கில் அன்று அதைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்திருக்கிறாள். துக்க நேரத்தில் வழக்கமான வேளை வந்தால் மணி அடிக்கக் கூடாது. அதற்கு 'அடிக்காதே' என்று ஒரு வரி போதும். அப்பா அப்படி எழுதவில்லை. 'மணியைப் பூஜ்யம் தடவை அடி' என்று எழுதியிருந்தார். அதற்காகப் பெட்டி நிஜமாகவே அடிக்கப்போவதுபோல் எல்லா ஏற்பாட்டையும் செய்தது. சுத்தியலைத் தன் இடத்துக்குக் கொண்டுவந்தது. காத்திருக்கும் நேரத்தைப் பழையபடி வைத்தது. பிறகு பூஜ்யம் தடவை அடித்துவிட்டு ஓய்ந்தது. பாவம் அப்பா, சுற்றி வளைத்திருக்கிறார் என்று, அத்தனையையும் எடுத்துவிட்டு, அந்த ஒரு வரியை வைத்தாள் அவள்.

மணி ஊமையாக இருந்தது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். உள்ளேதான் வேறு.

ஏன் அங்கே வைத்தார்? கேட்க ஆள் இல்லை. ஆனால் கேட்காமலே அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. தீபாவளிக்கும் சீனப் பெருநாளுக்கும் தொழிற்சாலை மூடும்போது, மற்றவர்கள் வீட்டுக்குக் கிளம்புவார்கள். அப்பா கருவிப் பையோடு வேலைக்குக் கிளம்புவார். கிறிஸ்துமஸ் மறுநாள்கூடப் போயிருக்கிறார். சின்ன வயதில் அவள் அழுதால், "மெஷினு ஓடும்போது கை வைக்கக் கூடாது லா. அது நிக்கிற அன்னைக்குத்தான் எனக்கு வேல" என்பார். ஓடிக்கொண்டிருக்கும்போது எதையும் மாற்றமாட்டார். ஓய்ந்திருக்கும் நேரத்தில் எல்லாத் திருகையும் முதல் நிலைக்குக் கொண்டுவந்து வைப்பார். மணிக்கும் அதையே செய்திருக்கிறார். ஊர் துக்கத்தில் மணி ஓய்ந்திருக்கும் வேளை அவருக்கு வேலை நேரம்.

"என்னா அழுவுற?" என்றாள் அம்மா.

"அழுவல. புடிச்சிட்டேன்."

ஐந்தாம் பகுதியை அப்பா எழுதியபடியே திரும்ப வைத்தாள். அதோடு நிற்கவில்லை. மூவேளை மணி தானும் ஒருமுறை தன் வேகத்தைச் சரிபார்த்துக்கொண்டு தொடங்கும்படி ஒரு வரி சேர்த்தாள். இனி யார் எதை எடுத்தாலும் மற்றொன்று காப்பாற்றும். ஐந்துக்கு 'ஓய்வு' என்று பெயர் வைத்தாள். பிறகு அம்மாவின் கட்டை விரலும் அவளுடைய கடிகாரமுமாக, ஒரு சாவு, அடுத்தடுத்து இரண்டு சாவு, நள்ளிரவுச் சாவு, தவறுதலாக அமுக்கிய சாவு என்று வரிசையாக நடத்திப் பார்த்தார்கள்.

"இவ்வளவு பேரு செத்தா தோட்டத்துல யாரும்மா மிஞ்சறது?" என்றாள் அந்தோனியம்மாள். அந்த அறையில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அப்போதுதான் அர்ச்சுனன் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"அண்ணி, எட்மண்ட் அண்ணன் வீட்டுக்கு ஒரு பொம்பள வந்திருக்காங்க. போர்டிக்சன்லேர்ந்து. மலர் வளையத்தோட. வந்தவங்க கூடாரத்தப் பாத்து அழுதுகிட்டே உள்ள நொழையறாங்க, நாற்காலியில ஆளு உக்காந்து ரொட்டி சாப்புடறாரு. வளையத்த இன்னொரு நாற்காலியில வச்சிட்டு, 'அப்ப நான் கெளம்பறேன்'னாங்க. அண்ணன் எந்திரிச்சு நின்னுட்டாரு. அவரு யாருக்கு எந்திரிச்சு நின்னு நீங்க பாத்திருக்கீங்க? 'வந்தது வந்துட்ட, கோப்பி குடிச்சிட்டுப் போ'ன்னாரு. இப்ப ரெண்டு பேரும் கோப்பியையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க."

எட்மண்ட் பெரியப்பா கல்யாணமே ஆகாத மனிதர். மிஷெல் பிறந்ததிலிருந்து அவரை அப்படித்தான் அறிவாள்.

"யாரும்மா அவங்க? யாரு அவங்களுக்குச் சொன்னது?"

அம்மா மேசைமேல் கிடந்த திருகாணிகளைப் பொறுக்கினாள். "நாந்தான். நேத்து மணி அடிச்சதும் போன் போட்டேன். அப்புறம், அவரு உசுரோட இருக்காருன்னு சொல்லக் கூப்பிட்டேன், எடுக்கல. காலையில பஸ்ஸு ஏறிட்டாங்க. இங்க பக்கத்துல வந்தப்புறந்தான் திருப்பிக் கூப்பிட்டாங்க. சொன்னா திரும்பிப் போயிடுவாங்கன்னு அப்ப நான் சொல்லல."

"நீங்களா? ஒங்ககிட்ட எப்படி அவங்க நம்பரு..."

"மணி ஒழுங்கா அடிக்கட்டும். அப்புறம் சொல்றேன்."

*

ஐந்தரைக்கே கோவில் நிறைந்துவிட்டது. முதலாண்டுத் திருப்பலிக்கு இவ்வளவு கூட்டம் வராது; மணி என்ன செய்யப்போகிறது என்று பார்க்க வந்த கூட்டம்தான் பாதி.

ஜோக்கிம் கேட்டபடி, மிஷெல் முன்னால் நின்று காரணத்தைச் சொன்னாள். "அப்பா, துக்க நேரத்துல மணிய 'அடிக்காத'ன்னு சொல்லல. 'பூஜ்யம் தடவ அடி'ன்னு சொல்லியிருக்காரு. அப்படி அடிக்கும்போதுதான், துக்க வேகத்தச் சாதா வேகத்துக்கு மாத்தி வைக்கிறாரு. எனக்கு அது வீண் வேலையாத் தெரிஞ்சுச்சு. எடுத்துட்டேன். அதனால சன்னாசித் தாத்தாவுக்கு அடிச்ச வேகம் மாறவே இல்ல. அதே வேகத்துல அடுத்த மணி அடிச்சிருச்சு. பெட்டி மேல தப்பில்ல. எம்மேல."

ஜோக்கிம் நெற்றியைச் சுருக்கினார். "பூஜ்யம் தடவ அடிக்கிறதுன்னா, அடிக்கவே இல்லன்னுதானே அர்த்தம்?"

"நீ வாய மூடிக்கிட்டு இருக்கும்போது மூச்சு விடுறல்ல," என்றார் முன் வரிசையிலிருந்து எட்மண்ட், "அது மாதிரி லா."

யாரோ சிரித்தார்கள். ஜோக்கிம் சிரிக்கவில்லை. "புரியற மாதிரி இருக்கு," என்றார். "அடிக்கட்டும், பாப்போம்."

மிஷெல் கடைசி வரிசைவரை நடந்துபோய் அம்மாவின் பக்கத்தில் நின்றாள். வெளியே செம்பனை மரங்களுக்கு மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வருடத்தில் ஒரு நாள்கூட இவ்வளவு பேர் சேர்ந்து அந்த மணிக்காகக் காத்திருந்ததில்லை. அம்மாவின் கட்டை விரல் ஜெபமாலையில் ஒரே மணியை உருட்டிக்கொண்டே இருந்தது.

அடித்தது.

ஒன்று, இரண்டு, மூன்று. நின்றது, ஒரு மூச்சு விடும் அளவுக்கு. மறுபடி மூன்று. மறுபடி மூன்று. பிறகு அப்பா ஆசைப்பட்டு வைத்த விடாமல் அடிக்கும் நீளமான ஓட்டம், லயனையும் தாண்டி ரோட்டுவரை போனது.

ஜோக்கிம் பெட்டி இருந்த அறையின் கதவைத் தானே இழுத்துச் சாத்தினார். பெட்டி சுவரில் இருக்கும்.

"அம்மா," என்று மிஷெல் மெதுவாகச் சொன்னாள், "மணி அடிச்சாச்சு."

அந்தோனியம்மாள் முன் வரிசையைப் பார்த்தாள். எட்மண்ட் தன் பெஞ்சில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டிருந்தார். பின்னால், கதவோரத்து நாற்காலியில் போர்டிக்சனிலிருந்து வந்தவள் மடியில் மலர் வளையத்தோடு உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பொட்டு இருந்தது; வேதக்காரர் இல்லை. எழுந்து போவதா இருப்பதா என்று தெரியாத உட்காரல்.

"பேரு குமுதவல்லி," என்றாள் அம்மா. "நீ பேரச் சொல்லிக் கூப்புட வேணாம். போயி, பெரியம்மாவ முன்னால வந்து ஒக்காரச் சொல்லு."